திரும்பி வருவதற்கான டயர்

கல்லூரி நாளிலேயே வேகத்தில் பித்துக்கொண்டவன் யான். இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியக் கடற்படை பயன்படுத்திய கட்டுக்குருந்தை விமான ஓடுபாதையிலே, குண்டசாலையிலிருந்து எனது சாதாரண மோட்டார் வண்டியை ஓட்டிச் சென்று பந்தயம் விட எண்ணினேன். மென்மையான றப்பர் டயரே சிறந்ததென்றனர் நண்பர்கள். சூடேறியதும் அது தார்ப்பாதையை இறுகப் பற்றும், உண்மைதான். ஆயின் அதன் வரிப்பள்ளங்கள் ஆழமற்றவை. தேங்கிய நீரை வெளியேற்ற மாட்டா. அதே டயருடன் மாலை மழையிற் கடுகண்ணாவைக் கணவாய் ஏறவேண்டுமே! ஏறினேன். வளைவொன்றில் வண்டி பள்ளத்தை நோக்கி வழுக்கிற்று. அருகிருந்த மனைவி வீடு சேரும்வரை ஒரு சொல்லும் பேசவில்லை. ஏசியிருந்தால் ஆறுதலாயிருந்திருக்கும்.

மறுமுறை ஆழ்ந்த வரிகளுடைய தெரு டயரையே பூட்டினேன். ஓட்டச் சூட்டினாற் காற்றழுத்தம் உயருமாதலால் முன்னரே சில இறாத்தல் குறைத்து, ஆறியபின் மீண்டும் நிரப்பினேன். பலர் என்னை முந்தினர். அன்றும் கணவாயில் மழை. மனைவி தென்னக்கும்பரைப் பாலம்வரை உறங்கிக்கொண்டே வந்தாள்.