‘தொடர்க’ என்ற ஒற்றைச் சொல்

கோவையில் உள்நோயாளியாக இருந்து வால்பாறைக்கோ உடுமலைக்கோ திரும்பும் ஒருவரை இனி மாவட்ட மனநலத் திட்டக் குழு பார்க்கும். அவர் கையோடு கொண்டுபோகும் டிஸ்சார்ஜ் சம்மரியில் நோயின் பெயரும் மாத்திரைகளும் இருக்கும். கீழே ‘தொடர்க’ என்று முடியும். எங்கள் தொழிலில் மிகுந்த ஆபத்தை ஒளித்துவைத்திருக்கும் சொல் அதுதான் என்பேன். ‘குளோசபின் 300 மி.கி. தொடர்க’ என்ற வரியையே எடுத்துக்கொள்வோம். இடையில் மாத்திரை தீர்ந்து மூன்று நாள் விட்டுப்போயிருந்தால், பழைய அளவை அப்படியே கொடுக்கக் கூடாது. 48 மணி நேரத்துக்கு மேல் நின்றுவிட்டால் 12.5 மில்லிகிராமில் தொடங்கிப் படிப்படியாக ஏற்ற வேண்டும். இல்லையென்றால் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கலாம், வலிப்பு வரலாம். கடைசி வேளை என்றைக்கு விழுங்கினார், வெள்ளணு எண்ணிக்கை கடைசியாக எப்போது பார்த்தது, இதற்கு முன் எந்த மருந்து ஏன் கைவிடப்பட்டது என்ற மூன்றும் இல்லாத தாளில் ‘தொடர்க’ என்பதற்குப் பொருளே இல்லை. லித்தியமும் அப்படித்தான். சித்திரை வெயிலில் தென்னந்தோப்பில் வேலை செய்து உடம்பு வற்றியவர் மெடிக்கலில் டைக்லோபினாக் வாங்கிப் போட்டால், ரத்தத்தில் லித்தியம் ஏறும். இதை எழுத ஒரு வரி போதும்.

ஓ.பி. கூட்டத்தில் எழுத நேரமேது என்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் எழுதாத ஐந்து வரிக்காக, எதிர்முனையில் இருப்பவர் ஒரு குடும்பத்தின் பத்தாண்டுக் கதையை முதலிலிருந்து கேட்க வேண்டியிருக்கிறது. அப்போதும் மருந்தின் பெயர் கிடைக்காது, ‘வெள்ளை மாத்திரை’ என்றுதான் கிடைக்கும். கணினி வந்தால் சரியாகிவிடும் என்பதையும் நான் நம்பவில்லை. யோசிக்காமல் எழுதிய ‘தொடர்க’, கணினியில் இன்னும் வேகமாக நகலாகும், அவ்வளவே.

ரகசியம் பற்றிய தயக்கம் இதைவிடக் கனமானது. மஞ்சப்பையில் போகும் தாளைப் பக்கத்து வீட்டார் முதல் பஞ்சாயத்து வரை படிக்கக்கூடும். அதற்காகத் தாளைக் காலியாக விடுவதா? பேட்டியில் மனம்விட்டுச் சொன்னதெல்லாம் கைமாற்றுக் குறிப்பில் ஏற வேண்டியதில்லை. சிகிச்சையைத் திருப்பக்கூடியது மட்டும் ஏறினால் போதும். மற்றதைக் குழுவுக்குக் குழு நேரில் பேசிக்கொள்ளலாம். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 98ஆம் பிரிவும், பொறுப்பு கைமாறும்போது நோயாளி, அவர் நியமித்த பிரதிநிதி, குடும்பத்தார், ஏற்கப்போகும் மனநல மருத்துவர் ஆகியோரைக் கலந்துபேசத்தான் சொல்கிறது. அந்தப் பேச்சில் வீட்டார் சொல்லும் முன்னறிகுறியை அவர்கள் சொல்லிலேயே எழுத வேண்டும் என்பதில் நான் பிடிவாதக்காரன். ‘உறக்கம் குறைதல்’ எல்லோருக்கும் பொருந்தும். ‘ரெண்டு ராத்திரி தூங்காம மாட்டுக்கொட்டாயைக் கூட்டிட்டே இருந்தா அடுத்தது சண்டைதானுங்க’ என்பது அந்த ஒருவருக்குத்தான் பொருந்தும்; அடுத்த முறை கொட்டாயில் விளக்கெரியும்போதே தாய் யாரைக் கூப்பிட வேண்டும் என்ற தொலைபேசி எண், அந்த வரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.