நீர் விற்ற நிறுவனமும் அதன் கணக்கேடும்

மக்கள் நீர் பருகுவதையும் விளக்கேற்றுவதையும் எக்காலத்தும் நிறுத்தப் போவதில்லை. ஆகவே, நீரும் மின்சாரமும் வழங்கும் நிறுவனத்தில் இட்ட பணம் வீட்டுப் பெட்டியில் வைத்த பணத்திற்கு ஒப்பானது என்பது, சேமிப்பை நம்பி வாழும் முதியோர் பலரின் எண்ணம். அவ்வெண்ணத்தின் முற்பகுதி உண்மையே. பிற்பகுதியைச் சிங்கப்பூரின் ஹைஃபிளக்ஸ் நிறுவனத்தின் வரலாறு பொய்யாக்கிவிட்டது.

1989இல் தோன்றி, 2001இல் பங்குச் சந்தையில் இடம்பெற்ற அந்நிறுவனம், 2005இல் நாட்டின் முதலாவது கடல்நீர்ச் சுத்திகரிப்பு ஆலையைத் துவாசில் திறந்தது. 2011இல் 400 மில்லியன் வெள்ளிக்கு முன்னுரிமைப் பங்குகளையும், 2016இல் 500 மில்லியன் வெள்ளிக்கு நிரந்தரப் பத்திரங்களையும் வெளியிட்டது. இரண்டிற்கும் ஆண்டுக்கு 6 விழுக்காடு ஈவு. வங்கி வைப்புத்தொகைக்குக் கிடைத்த வட்டியோ அதில் சிறுபகுதி. ஏறத்தாழ 34,000 பேர் இவற்றை வைத்திருந்தனர்.

அவர்களுள் எத்தனை பேர் ஆண்டறிக்கையின் ரொக்க ஓட்டப் பக்கத்தைப் புரட்டியிருப்பர்? பலரும் இலாபக் கணக்கோடு நின்றுவிடுவர். தலைவரின் படத்தையும் வாழ்த்துரையையும் தாண்டாதவரும் உண்டு! நீண்டகால ஒப்பந்தத்தின் பேரில் ஆலை கட்டும் நிறுவனம், கட்டுமானம் நடக்கும்போதே அதனை வருவாயாகக் கணக்கிற் காட்ட இயலும். அது முறைகேடன்று, கணக்கியல் விதிகளே அதற்கு இடம் தருகின்றன. ஆனால், அந்தப் பணம் கைக்கு வருவதற்கு இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் ஆகலாம். கடனுக்கு வட்டியோ இன்றே கட்டியாக வேண்டும். ஹைஃபிளக்சின் ஏட்டில் இலாபம் தெரிந்த பல ஆண்டுகளில், தொழில் நடவடிக்கையால் வந்த ரொக்கத்தைவிடச் சென்ற ரொக்கமே மிகுதி. அவ்வாறாயின், ஈவு எங்கிருந்து வந்தது? புதிய கடனும் புதிய பத்திரமுமே அதற்கு வழி செய்தன. நிரந்தரப் பத்திரங்கள் கணக்கில் கடனாக அன்றி மூலதனமாகவே சேர்க்கப்பட்டமையால், கடன் விகிதமும் உண்மைச் சுமையைக் காட்டிலும் இலேசாகத் தோன்றியது.

அடுத்து நோக்க வேண்டுவது விலை. முதல் ஆலையின் நீர் தொடக்கத்தில் ஒரு கனமீட்டர் 78 காசுக்கு விற்கப்பட்டது. 2013இல் திறக்கப்பட்ட துவாஸ்பிரிங் ஆலையின் முதலாண்டு விலையோ 45 காசு மட்டுமே. இக்குறைவைத் தாங்குவதற்கு, பக்கத்திலேயே அமைக்கப்பட்ட மின்னாலை ஈட்டும் பணத்தை நிறுவனம் நம்பியிருந்தது. நீருக்கு 25 ஆண்டு ஒப்பந்தம் இருந்தது. எஞ்சிய மின்சாரத்திற்கோ சந்தை விலைதான். சந்தையில் மின்னுற்பத்தி பெருகி விலை வீழ்ந்தது. 2017இல் நிறுவனம் 115 மில்லியன் வெள்ளிக்கு மேல் இழந்தது. சந்தைக்கு வந்தபின் அது கண்ட முதல் ஆண்டு நட்டம் அதுவே. பொதுப்பயன் நிறுவனம் என்ற பெயர் ஒன்றாயினும், வருவாயில் எவ்வளவு ஒப்பந்தத்தால் உறுதி பெற்றது, எவ்வளவு சந்தையின் போக்கிற்கு விடப்பட்டது எனப் பிரித்துப் பார்க்காமல் அதனை எடைபோட இயலாது.

முன்னுரிமை என்னும் சொல்லும் பலரை மயக்கியது. சாதாரணப் பங்குதாரர்க்கு முன்னே நிற்பவர், வங்கிகளுக்கும் ஏனைய கடன்காரர்க்கும் பின்னேதான் நிற்கிறார். அச்செய்தி வெளியீட்டு ஆவணத்திலேயே அச்சாகியிருந்தது.

2018 ஏப்ரலில் முன்னுரிமைப் பங்குகளை நிறுவனம் திரும்பப் பெற்றுக்கொள்ளும் என எதிர்பார்த்தோர் ஏமாந்தனர். மே 22ஆம் நாள் அது நீதிமன்றப் பாதுகாப்பை நாடியது. 2019 மே மாதத்தில் துவாஸ்பிரிங் கடல்நீர் ஆலையைப் பொதுப் பயனீட்டுக் கழகம் விலையேதும் தராமல் ஏற்றுக்கொண்டது. 2021 சூலையில் நிறுவனத்தைக் கலைக்க உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. வீட்டுக் குழாய்களில் அதனால் நீர் நின்றதில்லை.