டீசலா, பெட்ரோலா?

ஓய்வு பெற்றபின் கொலராடோ மலைகளைச் சாவகாசமாகச் சுற்றிவர வேண்டுமென்று என் மனைவியும் நானும் வெகுகாலமாக வளர்த்துவந்த ஆசை, பழைய மோட்டார்ஹோம் ஒன்றை வாங்கும் கட்டத்துக்கு வந்து, டீசலா பெட்ரோலா என்ற ஒரே கேள்வியில் மூன்று மாதமாகத் தயங்கி நிற்கிறது.

எஞ்சின் பின்புறம் இருக்கும் பெரிய டீசல் வண்டியில் ஓட்டுகிறவரின் காதுக்கு இரைச்சல் எட்டாத சுகமும், 11,000 அடி உயரத்துக்கும் மேலிருக்கும் ஐசன்ஹோவர் சுரங்கப்பாதையை நோக்கி ஏறுகையில், மெலிந்த காற்றில் சாதாரண பெட்ரோல் எஞ்சின் திணறும் இடத்திலும் டர்போவின் தயவால் பலம் அதிகம் குன்றாமல் இழுக்கும் சாமர்த்தியமும், இறக்கத்தில் எக்ஸாஸ்ட் பிரேக் தரும் நிதானமும் பிரயாணத்தையே ஆனந்தமாக்கிவிடும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் விலை அதிகம். ஆயில் மாற்றும் செலவும் பல மடங்கு.

நேற்று ஃபோர்டு வி10 எஞ்சின் பூட்டிய பெட்ரோல் வண்டி ஒன்றைப் பார்த்தோம். டயர்கள் தேயாமல் புதியவைபோலவே தோன்றின. என் மனைவி மட்டும் குனிந்து, டார்ச் அடித்து, பக்கவாட்டில் பொறித்திருந்த 2314 என்ற எண்ணை வாசித்தாள். 2014ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்ட டயர்! வெடிப்புகள் நகத்தில் தட்டுப்பட்டன.

வருஷத்துக்கு ஆறு வாரமே வெளியே செல்லப்போகும் எங்களுக்குப் பெட்ரோலே உசிதம் என்பது என் அபிப்பிராயம். ஆறு டயர்களின் கிரயத்தையும் கழித்துக்கொள்ள உரிமையாளர் சம்மதித்தால், சனிக்கிழமை முன்பணம் கொடுப்பதாக உத்தேசம்.