பின்வரிசையில் அமர்ந்தவர்கள்

பழைய திரைப்பாடல் இசைத்தட்டுகளின் உறைகளில் இசையமைப்பாளர், பாடலாசிரியர், பாடகர் பெயர்கள் இருக்கும். டிரம்ஸ் வாசித்தவரின் பெயர் பெரும்பாலும் இருக்காது. இளையராஜாவின் குழுவில் நெடுங்காலம் டிரம்ஸ் வாசித்த புருஷோத்தமனின் பெயர், 2020இல் அவர் மறைந்தபோதுதான் பலருடைய காதில் விழுந்தது. அவருடைய சகோதரர் சந்திரசேகர் கிதார் கலைஞர். எண்பதுகளின் பாடல்களோடு வளர்ந்த எங்கள் தலைமுறைக்கு இவர்களுடைய கை தெரியும், முகம் தெரியாது.

சிவமணியின் தந்தை எஸ்.எம். ஆனந்தனும் அந்தப் பின்வரிசைக்காரர்தான். சென்னைத் திரையிசைக் குழுக்களில் தாளக் கருவிகள் வாசித்தவர். 1959இல் பிறந்த மகன் ஏழு வயதில் குச்சியைக் கையில் எடுத்தார். இத்தகைய வீடுகளில் பாடம் என்று தனியாக ஒன்று நடப்பதில்லை. கருவி ஒரு மூலையில் கிடக்கும், அப்பா ஒலிப்பதிவு முடிந்து வருவார், பிள்ளை தட்டிப் பார்ப்பான். நையாண்டி மேளக்காரர் வீடுகளிலும் இதே கதைதான்.

சிவமணியை ஃபங்க் டிரம்மர் என்று சொன்னால் இசை தெரிந்த நண்பர்கள் சண்டைக்கு வருவார்கள். ராக், ஜாஸ், கர்நாடக இசை, தெருமேளம் எல்லாம் கலந்த கை அது. ஆனால் அவர் தன் ஆதர்சமாகச் சொல்லும் பில்லி காபம், எழுபதுகளில் ஜாஸுக்குள் ஃபங்க்கைக் கொண்டு வந்தவர்களில் முக்கியமானவர். பனாமாவில் பிறந்த அவருடைய தந்தையும் ஓர் இசைக்கலைஞர், பியானோ வாசித்தவர். 1990இல் மும்பை ரங் பவனில் காபமுடன் ஒரே மேடையில் சிவமணி வாசித்தார்.

ஃபங்க் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் உறுமியைச் சொல்லித்தான் விளக்குவது வழக்கம். ராஜபாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் ஆற்றங்கரையில் இருக்கிறது அய்யனார் கோவில். மழைக்காலத்தில் ஆறு பெருகிவிட்டால் கோவிலுக்குப் போக முடியாது. அங்கே கொடை நாளில் மேளம் கேட்டவர்களுக்குத் தெரியும்: தவில் முன்னால் நின்று பேசும், ஆனால் உடம்பை அசைப்பது உறுமி. வளைந்த குச்சி தோலில் தேய்ந்து எழுப்பும் அந்த முனகல் அடியும் அல்ல, மௌனமும் அல்ல. ஃபங்க் தாளத்தின் உயிரும் அப்படித்தான். முதல் அடி அழுத்தமாக விழும். அதற்குப் பிறகு வரும் பலத்த அடிகளுக்கு நடுவே, காதில் பாதி மட்டுமே விழும் சின்னஞ்சிறு தட்டுகள். அவற்றை எடுத்துவிட்டால் கணக்கு சரியாகத்தான் இருக்கும், ஆட வராது.

இந்தச் சிறு தட்டுகளின் மேதை கிளைட் ஸ்டபிள்ஃபீல்ட். ஜேம்ஸ் பிரவுனின் குழுவில் வாசித்தவர். அமெரிக்காவின் சட்டனூகா நகரில், ஆலைகளும் ரயில்களும் எழுப்பிய ஓசையைக் கேட்டே தாளம் பழகியவர். பஞ்சாலைகளின் ஊரான ராஜபாளையத்தில் வளர்ந்த எனக்கு இது விளங்காத செய்தி அல்ல. 1969இல் பதிவான ‘ஃபங்கி டிரம்மர்’ பாடலில் அவர் தனியாக வாசித்த சில நொடிகளை, பிற்காலத்து ஹிப்-ஹாப் கலைஞர்கள் நூற்றுக்கணக்கான பாடல்களில் வெட்டி ஒட்டிக்கொண்டார்கள். பாட்டின் பெயரிலேயே டிரம்மர் இருக்கிறார். ஆசிரியர் என்ற இடத்தில் ஜேம்ஸ் பிரவுன் இருக்கிறார். மெட்டுக்கு உரிமை உண்டு, தாளத்துக்கு இல்லை என்ற வழக்கத்தால் ஸ்டபிள்ஃபீல்டுக்கு உரிமைத்தொகை வரவில்லை. 2017இல் அவர் இறந்தார்.

இங்கே அந்த வெட்டி ஒட்டும் வேலையைக் கணினி வேறு விதமாகச் செய்தது. 1992இல் ‘ரோஜா’ வந்தபின் திரையிசை ஒலிப்பதிவின் முறையே மாறியது. தாளத்தைக் கணினியில் அடுக்கிவிடலாம் என்றானதும், தினமும் ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போய்வந்த பலருக்கு வேலை குறைந்தது. அந்த மாற்றத்தைக் கொண்டுவந்த ரஹ்மான், இளம் வயதில் சிவமணியோடு ஒரே இசைக்குழுவில் வாசித்த நண்பர் என்பது வேடிக்கைதான். அப்பாவின் தொழில் கண்ணெதிரே சுருங்கிய காலத்தில் மகன் மேடைக்கு வந்தார். எஸ்.பி. பாலசுப்ரமணியம் தன் கச்சேரிகளில் அவருக்குத் தந்த இடம் அதற்கு ஏற்கெனவே வழி செய்திருந்தது. பாடகர் ஒதுங்கி நின்று, பின்வரிசைக்காரனைப் பத்து நிமிடம் தனியாக வாசிக்கவிட்டு ரசிப்பது நம் மெல்லிசை மேடைகளில் சாதாரண விஷயம் அல்ல.

அந்தப் பத்து நிமிடங்களைப் பற்றி எனக்கு ஒரு மனக்குறை உண்டு. வாளி, பெட்டி, தண்ணீர் என்று கையில் கிடைத்ததையெல்லாம் தட்டி அவர் கைத்தட்டல் வாங்கும்போது பாதி வித்தைதான் தெரிகிறது. ஐ.பி.எல். தொடங்கிய ஆண்டுகளில் சேப்பாக்கத்தில் அவர் வாசித்ததும் அப்படித்தான். நான் காத்திருப்பது அதற்கு அப்புறம். பாட்டு மறுபடி தொடங்கும், எல்லோரும் பாடகரைப் பார்ப்பார்கள், சிவமணி தலையைச் சற்றே சாய்த்துக்கொண்டு காலத்தை மட்டும் பிடித்துக்கொண்டிருப்பார். இடது கை ஓசையின்றி ஏதோ முணுமுணுக்கும். 2019இல் அவருக்குப் பத்மஸ்ரீ தந்தவர்கள் எந்தச் சிவமணிக்குத் தந்தார்களோ, என் ஓட்டு இந்தச் சிவமணிக்குத்தான். ஆனந்தன் இப்படித்தான் வாசித்திருப்பார், யாரும் பார்க்காமல்.