ஸ்போர்ட்ஸ் காரா, பிக்கப் டிரக்கா?

வேலை கிடைத்த மறுநாளே கார் கனவு வருவது இயற்கைதானே! மந்தைவெளிப் பையன் ஒருவனுக்கும் அதுதான் நடந்தது. பி.காம் முடித்தவன். சிறுசேரி சிப்காட்டில் வேலை, மாதம் 35 ஆயிரம் சம்பளம். வீட்டிலிருந்து ஆபீஸ் ஏறக்குறைய 25 கிலோமீட்டர். போக வர 50. மாதம் 22 நாள் என்றால் 1,100 கிலோமீட்டர்.

2024-ல் தீவுத்திடலைச் சுற்றி நடந்த ஃபார்முலா 4 இரவுப் பந்தயத்தைப் பார்த்ததிலிருந்து அவனுக்கு ஒரே பைத்தியம். செகண்ட் ஹேண்டில் இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைப் பார்த்து வைத்திருந்தான். சிவப்புக் கலர். கேட்க வேண்டுமா!

அடையாறு சித்தப்பா இதற்கு நேர் எதிர். "வண்டின்னா உசரமா இருக்கணும்டா. ஸ்ரீசிட்டியில பண்றானே இசுஸு பிக்கப், அதை எடு. எவ்வளவு தண்ணி நின்னாலும் யானை மாதிரி போகும்."

சித்தப்பாவுக்கு உயரத்தின் மேல் அப்படி ஒரு பக்தி வந்ததற்குக் காரணம் இருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அவருடைய கார் மூழ்கியது. தண்ணீர் வடிந்ததும் ஆசையாகப் போய் சாவியைத் திருகினார். அங்கேதான் தப்பு. இஞ்சினுக்குள் காற்று போகும் வழியில் தண்ணீர் புகுந்திருந்தால், காற்றைப் போல அது அமுங்காது. பிஸ்டன் மேலே வரும் வேகத்தில் அதைத் தாங்கும் கம்பி வளைந்துவிடும். இஞ்சின் காலி! வெள்ளத்தில் நனைந்ததற்குப் பணம் தரலாம், ஸ்டார்ட் செய்து கெடுத்ததற்குத் தர மாட்டோம் என்று இன்சூரன்ஸில் கையை விரித்துவிட்டார்கள். அதற்குத் தனியாக 'இஞ்சின் புரொடெக்ட்' என்று ஒரு ஆட்-ஆன் எடுத்திருக்க வேண்டுமாம். பாலிசிப் பத்திரத்தை நம்மில் எத்தனை பேர் முழுதாகப் படிக்கிறோம், சொல்லுங்கள்?

பையன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தச் சிவப்புக் காரை ஓட்டிப் பார்த்தான். வேகத்தடை 10 செ.மீ. உயரம்தான் இருக்க வேண்டும் என்று இந்திய சாலைக் காங்கிரஸ் விதி சொல்கிறது. தெருவில் போடுகிறவர்களிடம் அதை யார் சொல்வது? இரண்டாவது வேகத்தடையிலேயே காரின் வயிறு தட்டியது. ஓ.எம்.ஆரில் மெட்ரோ வேலைக்காக நடு ரோட்டை எடுத்துக்கொண்டார்கள். 2021-ல் பெருங்குடி, துரைப்பாக்கம் சுங்கச்சாவடிகளில் வசூலை நிறுத்தினார்கள். 2023-ல் நாவலூரிலும் நின்றது. சுங்கம் போனது, நெரிசல் போகவில்லை. அதில் கிளட்சை மிதித்து மிதித்துக் கால் வலிதான் மிச்சம். பந்தயக் குதிரையை வைத்து ஜட்கா ஓட்டுவதா?

கணக்கும் போட்டான். காமர்ஸ் படித்தவன் ஆயிற்றே! ஸ்போர்ட்ஸ் காருக்கு மைலேஜ் 10 என்றால் பெட்ரோலுக்கே மாதம் சுமார் 11 ஆயிரம். பிக்கப் 12 கொடுத்தாலும் டீசலுக்கு எட்டரை ஆயிரம். சின்னக் கார் என்றால் ஏழு ஆயிரத்துக்குள் முடியும். இதெல்லாம் இ.எம்.ஐ. இல்லாமல். அப்பாவுக்கோ அடுத்த வருஷம் ரிட்டயர்மென்ட். தங்கைக்கு காலேஜ் ஃபீஸ் பாக்கி.

அப்பா எதுவும் தடுக்கவில்லை. பிக்கப் ஐந்து மீட்டருக்கு மேல் நீளம் என்று சொன்னபோது மட்டும் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "எங்கடா நிறுத்துவே?" அவர்கள் தெருவில் ஏற்கெனவே இரண்டு பக்கமும் வண்டிகள். பங்குனியில் அறுபத்து மூவர் வந்தால் அதையும் எடுக்க வேண்டும். மயிலாப்பூரில் தேருக்கு மட்டும்தான் பார்க்கிங் உண்டு!

2025 செப்டம்பர் 22 முதல் சின்ன பெட்ரோல் கார்களுக்கு வரி 29 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. நாலு மீட்டருக்குள் நீளம், 1,200 சி.சி.க்குள் இஞ்சின் என்பது நிபந்தனை. அந்த வாரமே பையன் ஷோரூமுக்குப் போனான். கியர் மாற்றும் தொல்லை இல்லாத சின்னக் கார் ஒன்றை புக் செய்தான். இஞ்சின் புரொடெக்ட் ஆட்-ஆனையும் கேட்டு வாங்கினான். கலர் மட்டும் சிவப்பு. அதில் அவன் விட்டுக்கொடுக்கவில்லை.

சித்தப்பாவுக்கு வருத்தம்தான். முதல் பெருமழை அன்று காலையிலேயே போன்.

"கார் எங்கடா?"

"மேட்டுல நிக்குது சித்தப்பா."

"நீ?"

"மந்தைவெளி ஸ்டேஷன்ல நிக்கறேன். பறக்கும் ரயில்ல திருவான்மியூர் போய், அங்கேர்ந்து பஸ்."