119 நாட்கள்

2022 அக்டோபரில் லிஸ் ட்ரஸ் ஐம்பதே நாட்களில் பிரதமர் பதவியை விட்டு இறங்கியபோது, நான் படித்த செய்திகளில் ஜார்ஜ் கேனிங்கின் பெயர் ஒரே ஒரு வரியில் வந்து போனது. 1827இல் 119 நாட்கள் மட்டும் ஆண்டவர். அவரது 'சாதனை' முறியடிக்கப்பட்டுவிட்டதாம். ட்ரஸ்ஸைச் சொந்தக் கட்சியே இறக்கியது. கேனிங் பதவியிலேயே செத்துப்போனார். சாவதில் என்ன சாதனை என்று எரிச்சலாகத்தான் இருந்தது.

கேனிங்கின் முதல் பிறந்தநாளன்று, 1771இல், தந்தை இறந்தார். கையில் காசில்லாத தாய் மேரி ஆன் நாடக மேடையேறினாள். நடிகையிடம் பிள்ளை வளரக் கூடாதென்று சிற்றப்பா அவனைப் பிரித்துக்கொண்டுபோய் ஈட்டனிலும் ஆக்ஸ்ஃபோர்டிலும் படிக்கவைத்தார். கூர்மையான நாக்கு, அது தேடித்தந்த எதிரிகளும் ஏராளம். 1809இல், சக அமைச்சர் காஸில்ரேயுடன் பட்னி ஹீத்தில் துப்பாக்கி ஏந்தி நின்று தொடையில் குண்டு வாங்கினார். நாடு நெப்போலியனோடு போரில் இருந்த நேரம் அது!

1822இல் இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக நியமிக்கப்பட்டு, கப்பலேறவிருந்தார். ஆகஸ்டில் காஸில்ரே தற்கொலை செய்துகொள்ள, அவர் வகித்த வெளியுறவுத் துறை கேனிங்கிடம் வந்தது. பயணம் நின்றது. (அந்தப் பதவியில் அமர்ந்து 1857ஐச் சந்திக்க நேர்ந்தது மகன் சார்லஸுக்கு.) ஸ்பெயினிடமிருந்து விடுபட்ட தென்னமெரிக்க நாடுகளை பிரிட்டன் அங்கீகரித்தது இவர் காலத்தில்தான்.

1827 பிப்ரவரியில் பிரதமர் லிவர்பூல் பக்கவாதத்தில் விழுந்தார். ஏப்ரலில் கேனிங் அந்த இடத்துக்கு வந்ததும் வெலிங்டனும் பீலும் அவருக்குக் கீழே பணியாற்ற மறுத்து விலகினார்கள். கத்தோலிக்கர்களுக்கு அரசியல் உரிமை வேண்டுமென்பவர் கேனிங் என்பது வெளிப்படையான காரணம். நடிகையின் மகன் பிரதமராகலாமா என்ற முணுமுணுப்பு பிரபுக்களிடையே வேறு இருந்தது. எதிரணி விக்குகளில் சிலரைச் சேர்த்துக்கொண்டு அவர் அரசமைத்தபோது உடல் ஏற்கெனவே தளர்ந்திருந்தது. ஜனவரியில் யார்க் கோமகனின் சவ அடக்கத்தில், குளிர்ந்த தேவாலயத்தில் நின்றபோது பற்றிய சளி அவரை விடவேயில்லை. ஆகஸ்ட் 8 அன்று சிஸ்விக்கில் இறந்தார். 1829இல் கத்தோலிக்கர் உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியவர்கள், விலகிப்போன அதே வெலிங்டனும் பீலும்!

ஆனால் என்னை உறுத்துவது அரசியலன்று. எட்டத்திலேயே வைக்கப்பட்ட தாய்க்கு வாரந்தோறும் கடிதம் எழுதிவந்த மகன் அவர். அந்தத் தாய் இறந்தது 1827 மார்ச்சில். அவர் பிரதமராவதற்கு ஒரு மாதம் முன்பு.