லைம்சர்வேயும் ஒரு லாங் சைஸ் நோட்டும்

ஆபீஸ்ல இந்த வாரம் ஆணி கம்மி. வீட்ல பரண் சுத்தம் பண்ணிக்கிட்டு இருந்த தங்கமணி, "இந்தக் குப்பை இன்னும் எதுக்கு?"ன்னு ஒரு லாங் சைஸ் நோட்டை மடியில் போட்டாங்க. அட்டையில் என் கையெழுத்து: "லைம்சர்வே - புது டிசைன் - 2009". அதனால இன்னைக்கு கொசுவத்தி சுத்தப் போறேன். பெட்டி தட்டாத மக்களும் தைரியமா படிக்கலாம்.

லைம்சர்வே, கேள்வித்தாளை இணையத்தில் போட்டு பதில் வாங்கித் தரும் திறமூல மென்பொருள். 2003-ல் ஜேசன் கிளீலண்ட் ஆரம்பிச்சப்போ பேர் பிஎச்பிசர்வேயர். 2007-ல்தான் எலுமிச்சம்பழம் ஆச்சு. நம்ம சர்வர்லயே நிறுவிக்கலாம், பதிலெல்லாம் நம்மகிட்டயே இருக்கும். பெரியம்மா பொண்ணு அப்போ பிஎச்.டி. பண்ணிட்டு இருந்தாங்க. நர்சுகளோட நைட் டூட்டியும் தூக்கமும் பத்தி. "டேய், நீதான் கம்ப்யூட்டர் ஆளாச்சே, ஒண்ணு பண்ணிக் குடு"ன்னாங்க. குடுத்தேன்.

முதல் நாளே சந்தேகம். "அது என்னடா டோக்கன்? ரேஷன் கடையா நடத்துறோம்?" ஒவ்வொருத்தருக்கும் அனுப்புற ரகசிய எண்ணுக்கு இவனுங்க வச்ச பேர் அதுதான்க்கான்னு விளக்கினேன். அப்புறம் வரிசை வரிசையா குட்டிக் குட்டி ஐகான். எந்த ஐகான் எதுக்குன்னு மவுசை மேல வச்சுப் பார்த்தாத்தான் தெரியும். போதாக்குறைக்கு நான் உள்ள போய் நிரலையும் பார்த்துத் தொலைச்சேன். எச்டிஎம்எல், எஸ்க்யூஎல், பிஎச்பி மூணும் ஒரே கோப்பில் கூட்டாஞ்சோறு. ஒவ்வொரு சர்வேக்கும் டேட்டாபேஸில் தனியா ஒரு டேபிள், ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு காலம். இருபது விடையில் எத்தனை வேணா டிக் பண்ணலாம்னு ஒரு கேள்வி இருந்தா அதுக்கு மட்டும் இருபது காலம். அந்தக் காலத்தோட பேர் "28391எக்ஸ்7எக்ஸ்31". அதாவது சர்வே எண், பிரிவு எண், கேள்வி எண், நடுவில் எக்ஸ். கேள்வித்தாள் ரொம்ப நீளமாப் போனா மைஎஸ்க்யூஎல்லோட 65,535 பைட் வரம்பில் முட்டி, டேபிளே உருவாகாது.

ரத்தம் கொதிச்சுது. அப்போ பிறந்ததுதான் நோட்டு. எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு முதல்லேருந்து எழுதணும், எல்லா சர்வேயோட பதிலும் ஒரே டேபிளில், ஒரு பதிலுக்கு ஒரு வரி. கட்டம் போட்டு, அம்பு போட்டு, மூணு கலர் பேனாவில் நாப்பது பக்கம். இன்னைக்குப் பார்த்தாலும் படங்கள் அழகாத்தான் இருக்கு, ஹி ஹி.

இருபத்திரெண்டாம் பக்கத்தில் இருந்தப்போ அக்கா போன். கைடு ஒரு கேள்வி சேர்க்கச் சொல்லிட்டார்: வீட்டில் சின்னக் குழந்தை உண்டா? அறுபத்து மூணு பேர் ஏற்கெனவே பதில் சொல்லி முடிச்சிருந்தாங்க. ஓடிக்கிட்டு இருக்குற சர்வேயில் கேள்வி சேர்க்க முடியாது, நிறுத்தணும். எச்சரிக்கை ஒண்ணு வந்துச்சு. யார் படிச்சா? நிறுத்தினேன். கேள்வியைச் சேர்த்தேன். கையோட, பார்க்க ஒழுங்கா இருக்கட்டுமேன்னு தூக்க நேரக் கேள்வியை அடுத்த பிரிவுக்கு மாத்தினேன். மறுபடி ஓட விட்டேன்.

அரை மணி நேரத்தில் மறுபடி போன். "டேய், பதில் சைபர்னு காட்டுது."

அதுக்கப்புறம் அவங்க பேசல. நைட் டூட்டி முடிஞ்சு, தூக்கக் கண்ணோட ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து நிரப்பினவங்க அந்த அறுபத்து மூணு பேரும். அவங்ககிட்ட போய் "இன்னொரு தடவை ப்ளீஸ்"னு எப்படிக் கேக்குறது?

சர்வேயை நிறுத்தினா லைம்சர்வே பழைய டேபிளை அழிக்காது. பேரில் "ஓல்டு"ன்னு சேர்த்து ஓரமா வச்சுட்டு, மறுபடி ஆரம்பிச்சா புதுசா காலி டேபிள் ஒண்ணு போடும். படிக்காத எச்சரிக்கையில் சொன்னது அதைத்தான். ராத்திரி ஒரு மணிக்கு பிஎச்பிமைஅட்மினைத் திறந்து பழசிலிருந்து புதுசுக்கு நகல் எடுத்தேன். எல்லாம் வந்துச்சு, தூக்க நேரம் மட்டும் வரல. பிரிவு மாறினதால காலத்தோட பேரில் 7 இருந்த இடத்தில் 8. மொத்த ஆராய்ச்சியே அந்த ஒரு காலம்தான். கையால பேரைப் பொருத்தி அதையும் இழுத்தப்போ மணி மூணரை.

மறுநாள் மன்னிப்பு கேக்கப் போனேன். அக்கா திட்டல. எஸ்பிஎஸ்எஸ்ஸில் ஏத்தின தரவைக் காட்டினாங்க. ஒரு நர்சுக்கு ஒரு வரி, ஒரு கேள்விக்கு ஒரு காலம். இதை எங்கயோ பார்த்திருக்கேனேன்னு யோசிச்சா, நான் அசிங்கம்னு திட்டின அதே டேபிள்! என்னோட அழகான டிசைனில் இந்த வடிவத்தைத் திரும்பக் கொண்டுவரணும்னா, சிதறிக் கிடக்குற ஒவ்வொரு பதிலையும் பொறுக்கி வரிசைக்கு வரிசை ஒட்டணும். நாப்பது கேள்வி, அறுபத்து மூணு பேர்னா 2520 வரி. அதை எழுதினவனுக்கு டேட்டாபேஸ் தெரிஞ்சிருந்தது மட்டுமில்ல, அந்தத் தரவை வச்சு யாரு கணக்கு போடுவாங்கன்னும் தெரிஞ்சிருக்கு. எனக்கு ரெண்டாவது தெரியல.

"நீ புதுசா எழுதினா என்னோட பழைய பதிலெல்லாம் அதில் திறக்குமா?"ன்னு கேட்டாங்க. நோட்டில் அதுக்குப் பக்கமே இல்லை.

இந்த வியாதி எனக்கு மட்டும் இல்லைங்கறது ஒரு ஆறுதல். நெட்ஸ்கேப் காரங்க பழைய நிரலை வீசிட்டு முதல்லேருந்து எழுதின கதையை ஜோயல் ஸ்போல்ஸ்கி 2000-லேயே எழுதிட்டார். 5-ம் பதிப்பே வராம, 6-ம் பதிப்புதான் வந்துச்சு. லைம்சர்வே குழுவும் 2-ம் பதிப்பை அடியிலிருந்து புதுசா எழுதப் பார்த்து, கடைசியில் அந்த முயற்சியைக் கைவிட்டாங்க. நடுவில் 1.90, 1.91, 1.92ன்னு பழசுதான் ஊருக்கு உழைச்சுக்கிட்டு இருந்துச்சு. அப்புறம் அந்தப் பழைய நிரலையே முதலில் கோட்இக்னைட்டருக்கும், பிறகு யீ சட்டகத்துக்கும் நகர்த்தி, 2012-ல் 2.0 வெளிவந்துச்சு. கூட்டாஞ்சோறு தனித்தனிப் பாத்திரத்துக்குப் போச்சு. சர்வேக்கு ஒரு டேபிள், கேள்விக்கு ஒரு காலம் மட்டும் அப்படியே. படிச்சப்போ எனக்குச் சிரிப்பு வந்துச்சு.

நோட்டோட கடைசிப் பக்கம் அக்கா கையெழுத்து. அன்னைக்கு நான் பேனாவை நீட்டி, "உங்களுக்கு என்ன வேணும்னு எழுதுங்க"ன்னு கேட்டேன். மூணே வரி:

ஓடும்போதே கேள்வி சேர்க்கணும்.
எத்தனை பேர் பதில் போகும்னு முன்னாடியே சொல்லணும்.
டோக்கன்ங்கற பேரை மாத்தணும்.

மூணாவது நடந்துருச்சு. இப்ப அது "ஆக்சஸ் கோட்". முதல் வரி 6-ம் பதிப்பிலும் வரல. ஓடுற சர்வேயில் கேள்வியோட வார்த்தையைத் திருத்தலாம், புதுக் கேள்வி சேர்க்க முடியாது.

நோட்டில் மீதி இருந்த வெள்ளைப் பக்கத்தைப் பையன் கணக்கு போட எடுத்துக்கிட்டான். கடைசிப் பக்கத்தை மட்டும் கிழிச்சு வாங்கி வச்சுக்கிட்டேன்.